தலைவாசல் எழுத்து

காயல்பட்டினத்தில் மணமுடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டில் குடிபுகுவதே வழக்கம். நாமும் 1994ஆம் ஆண்டில் அடுத்த தெருவிலிருந்து புறப்பட்டு, அவ்வாறே ஒரு பழைய வீட்டின் மாப்பிள்ளை ஆனோம். முன்னே திண்ணை, பின்னே, பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வரும் முடுக்கு, தலைவாசலில் தேக்கு நிலை. அந்நிலையின் மேற்சட்டத்தில் அரபு எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. பிஸ்மிக்கு அடுத்து வீட்டுக்குரியவரின் பெயர்; அதன்மேல் எக்காலத்திலோ வாசல் விளக்கைத் தாங்கும் மரக்கட்டையை அறைந்துவிட்டார்கள். கட்டையைத் தாண்டி ‘பின்’ என்னும் சொல்லும், கொழும்பு வணிகர் ஒருவரின் பெயரும், ஹிஜ்ரி 1302 என்னும் ஆண்டும் தெரிந்தன. அதாவது 1884 அக்டோபருக்கும் 1885 அக்டோபருக்கும் இடைப்பட்ட காலம். ‘பின்’ என்றால் இன்னாரின் மகன். ஆகவே அவ்வணிகரின் மூத்த மகன் கட்டிய வீடு என்று நாம் முடிவு செய்தோம். அரபு படித்தவர் சொல்லிவிட்டார் என்று ஊரும் ஏற்றுக்கொண்டது.

2003ஆம் ஆண்டில், அம்மூத்த மகனின் வழிவந்தோர் தங்கள் குடும்ப வரலாற்றை எழுதித் தருமாறு எம்மை வேண்டினர். அவர்கள் வெளியூரில் வாழ்பவர்கள். பெயர்களை இங்கே குறிப்பிடுவதற்கில்லை. நாமும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம். அடக்கத்தலத்து மீஸான் கற்களைப் படித்தோம், பழைய நிக்காஹ் ஏடுகளைப் புரட்டினோம், பெரியவர்களை விசாரித்தோம். பெரியவர்கள் என்றால் ஆண்கள். நான்கு தலைமுறைக் கொடிவழியைத் தாளில் எழுதி, உச்சியில் ‘இவ்வீட்டைக் கட்டிய முதல் உரிமையாளர்’ என்று மூத்த மகனின் பெயரைப் பொறித்தோம்.

அப்போது எம் மாமியார், மரபுப்படி கதவுக்கு உள்ளே நின்றவாறு, தம் மகளிடம் சொல்லியனுப்பினார்: “இது பொம்பளைப் புள்ளைக்குன்னு கெட்டின வீடு. எங்க உம்மும்மா சொல்லக் கேட்டிருக்கேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லு.”

“கேள்விப்பட்டதெல்லாம் வரலாறாகாது. பத்திரம் இருந்தால் எடுத்துத் தரச் சொல்” என்றோம் நாம்.

பத்திரம் இருக்க வழியில்லை என்பதை நாம் அன்றே அறிந்திருக்க வேண்டும். தந்தை தம் மகளுக்கு வீட்டை ஹிபாவாகக் கொடுக்க எழுத்து கட்டாயமில்லை. கொடுத்தேன் என்னும் ஈஜாப், ஏற்றேன் என்னும் கபூல், கைவசப்படுத்தும் கப்ளு ஆகிய மூன்றும் நிறைவேறினால் போதும் என்பது நம் பிக்ஹு நூல்களில் மாணவர்க்கு நாமே நடத்தும் பாடம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் தனது 129ஆம் பிரிவில் முஸ்லிம்களின் ஹிபா முறைக்கு இடம் விட்டிருக்கிறது. தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே வந்த வீட்டைச் சார்பதிவகத்தில் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்?

மூன்றாண்டுகள் கழிந்தன. 2006இல் அவ்வுறவினர் எம் தாளையே கையில் ஏந்தி வந்தனர். வீட்டைக் கட்டியவர் தங்கள் பாட்டனார் என்றால் தங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றனர். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எம் கையெழுத்தை நாமே மறுக்க இயலாமல் அமர்ந்திருந்தோம். முடிவில், உறவு முறியவேண்டாம் என்று மாமியாரே ஒரு தொகைக்கு இசைந்தார். அத்தொகைக்காக அவர் கைவளையல்கள் விற்கப்பட்டன. எம்மிடம் ஒரு சொல்லும் அவர் குறையாகச் சொன்னதில்லை. 2011இல் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

சென்ற ஆண்டு அண்டை வீட்டார் தம் வீட்டை விற்க முற்பட்டு, தம் மூலப்பத்திரத்தைப் படித்துச் சொல்லும்படி கொண்டுவந்தார்கள். கொல்லம் 1071ஆம் ஆண்டு தை மாதம், அதாவது 1896இன் தொடக்கத்தில் எழுதப்பட்டது. நெல்லைச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இடுவது அந்நாளைய வழக்கம். சொத்தின் நான்கு எல்லைகளைக் கூறும் சக்குபந்திப் பகுதியை வாசித்துக்கொண்டே வந்தோம். கிழக்கெல்லை எம் வீடு. அங்கே மூத்த மகனின் பெயர் இல்லை. வணிகரின் குமாரத்தி இன்னாருடைய வீட்டுக்கு மேற்கு என்றிருந்தது. ஒருவர் வீட்டின் வரலாறு அவர் பெட்டியில் இல்லாமல் அடுத்த வீட்டுக்காரர் பெட்டியில் இருக்கக்கூடும் என்பது அதுவரை எமக்குத் தோன்றியதில்லை. வீட்டாராய்ச்சி செய்யும் அன்பர்கள் இதனை மனத்திற்கொள்வது நலம்.

பத்திரத்தை வைத்துவிட்டு ஏணியை எடுத்தோம். மேற்சட்டத்தில் பல பெருநாள்களின் வண்ணப்பூச்சு அடையடையாகப் படிந்திருந்தது. மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டினோம். ‘பின்’ என்பதற்கும், மகள் என்று பொருள்படும் ‘பின்து’ என்பதற்கும் எழுத்தில் ஒரு பல்லும் சில புள்ளிகளுமே வேற்றுமை. அந்தப் பல்லைச் சாயம் மூடியிருந்தது. கடைசி எழுத்தின் வளைவை நாம் நூன் என்று கொண்டிருந்தோம். சுரண்டச் சுரண்ட அதன்மேல் இரண்டு புள்ளிகள் எழுந்தன. தே! பத்து வயதுப் பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றிப் படித்தால் கண்டிக்கும் உஸ்தாது நாம். ஏறக்குறைய முப்பதாண்டுகள் நாள்தோறும் அதன்கீழ் குனிந்து நுழைந்திருக்கிறோம்.

அதன்பின் மனைவி தம் தாயாரின் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தார். அரபுத்தமிழில் எழுதிய வீட்டுக்கணக்கு அது. சுண்ணாம்பு, காரைக்குச் சேர்க்கும் கருப்பட்டி, தச்சர் கூலி, கொழும்பிலிருந்து வாப்பா அனுப்பிய பணம் என்று வரிசையாக இருந்தது. எழுதியவர் தம்மை ‘நான்’ என்றே குறித்திருந்தார். நம் ஊர்ப் பெண்கள் அரபுத்தமிழில் தேர்ந்தவர்கள் என்று பல மேடைகளில் பெருமை பேசியவர் நாம். நம் வீட்டுப் பெட்டியில் அதற்குச் சான்று கிடந்தது.

“ஏன் இதை அன்றே காட்டவில்லை?” என்றோம்.

“நீங்க பத்திரம்தானே கேட்டீங்க” என்றார்.

அன்றிரவு அறிவிப்பாளர் வரிசையைக் கணக்கிட்டோம். வீட்டின் முதல் உரிமையாளர், அவர் மகள், அம்மகளின் பேத்தி எம் மாமியார். இடையில் ஒரே ஓர் அறிவிப்பாளர்! ஹதீஸ் கலையில் இத்துணைக் குறுகிய இஸ்னாது கிடைத்தால் எவ்வளவு மகிழ்வோம். ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அல்மர்வஸிய்யாவைப் பற்றி மாணவர்க்கு வியந்து உரைக்கும் நாவு, கதவுக்குப் பின்னிருந்து வந்த ஒரு செய்தியைக் ‘கேள்விப்பட்டது’ என்று தள்ளிவிட்டது.

கொடிவழியைத் திருத்தி எழுதினோம். இம்முறை பெண்களின் பெயர்களைக் கேட்டு அலைந்தோம். சில வீடுகளில் உம்மும்மாவின் உம்மா யார் என்று கேட்டால் ஆண்கள் விழித்தார்கள். அடுக்களையிலிருந்து விடை வந்தது. எம்முடைய உம்மாவின் வழியில் மூன்று பெயருக்குமேல் எமக்கே தெரியவில்லை. எம் சகோதரிதான் நிரப்பித் தந்தார்.

திருத்திய தாளையும், தவறு எம்முடையதே என்னும் கடிதத்தையும் வெளியூர் உறவினருக்கு அனுப்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மாமியார் மனமொப்பிக் கொடுத்தது அது. மாதம் ஒன்று கழித்து அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி நேரில் வந்தார். நேரே உள்ளே சென்று, எம் மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் மின்பணியாளரை அழைத்து விளக்குக் கட்டையைக் கழற்றச் செய்தோம். அதன் அடியில் சாயம் ஏறாத தேக்கு, செதுக்கிய நாளின் நிறத்திலேயே இருந்தது. பெயரின் நடு எழுத்தில் ஓர் ஆணித்துளை. மனைவி ஏணியில் ஏறி, விரலால் தடவி, எழுத்துக்கூட்டி அப்பெயரை உரக்கப் படித்தார். நாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றோம்.