மலைமேல் விழித்திருப்போர்

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் ஜவ்வாது மலைக்குச் சென்றுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் பேருந்து மலையேறியது. வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்தபாடில்லை. சாலையின் இருமருங்கிலும் நனைந்த காடு. மேலே கரிய மேகம். ஊதா நிறத் திருவுடை அணிந்து நம்பிக்கையைப் பற்றி மறையுரை ஆற்றிவிட்டு வந்த நமக்கு, அந்த வானம் அவ்வளவாக நம்பிக்கை அளிக்கவில்லை.

வழியில் காவலூரில் இறங்கினோம். ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு மேலாக வெண்ணிறக் குவிமாடங்கள் தெரிகின்றன. வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் தேர்ந்தெடுத்த இடம் இது. 1968-இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறியதொரு தொலைநோக்கியுடன் இங்கே பணி தொடங்கிற்று. நம் நாட்டிலேயே வடிவமைத்து 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவ வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. பெங்களூரில் அதன் ஆடி பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றப்பட்டது. ஆனால் 1982-இல் அவர் காலமானார். அதன் பின்னர், 1986 சனவரி 6-ஆம் நாள் அத்தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையும் பெற்றது. சனவரி 6, விண்மீனைத் தொடர்ந்து வந்த ஞானிகளை நாம் நினைவுகூரும் மூவரசர் திருநாள் அன்றோ! எவரும் திட்டமிட்டு அமைத்ததாக நாம் கருதவில்லை. எனினும் உள்ளம் நெகிழ்ந்தது.

அங்கிருந்த பணியாளர் ஒருவரிடம், “இப்படி மேகம் மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம்.

“காத்திருப்போம், ஃபாதர். கருவிகளை ஆயத்தமாக வைத்திருப்போம். மேகம் விலகும் நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா?” என்றார் அவர்.

நாம் மறையுரையில் கால் மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

அங்கிருந்து ஜமுனாமரத்தூர் சென்று, மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். சாமைக் களி தந்து உபசரித்தார் ஒரு மூதாட்டி. அவருடைய மகன் கூலி வேலைக்காக வெளி மாநிலம் சென்றிருக்கிறான். செய்தி வந்து இரு வாரங்கள் ஆயினவாம். வீட்டின் மூலையில் மண் பானை ஒன்று துணியால் வாய் கட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றி வினவினோம்.

“அது வெதை சாமி. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதுல கை வைக்கமாட்டோம். வெதையத் தின்னுட்டா அடுத்த வருசத்துக்கு என்ன பண்றது?” என்றார்.

இம்மலையில் காத்திருப்பது எளிதன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள், ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலைப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். அவர்களை எதிர்நோக்கி இருந்த வீடுகளுக்கு உடல்களே திரும்பி வந்தன. அந்த வீடுகளின் வாசலில் நின்று, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்ல நமக்கு நாவெழாது.

அப்படியாயின் நம்பிக்கை என்பது யாது? நினைத்தது நடக்கும் என்னும் உறுதி அன்று. பலனைத் தாம் காணாவிடினும் ஆடியைத் தேய்ப்பது. பசித்த நாளிலும் விதையைக் காப்பது. இறைவாக்கினர்களும் மெசியாவைக் கண்ணாரக் காணாமலே கண்மூடினர். அவர்கள் காத்த விதையின் விளைச்சலையே நாம் கிறிஸ்து பிறப்பு விழாவாகக் கொண்டாடுகிறோம்.

நாம் மலையிறங்கிய மாலையிலும் மேகம் விலகவில்லை. ஒரு விண்மீனும் தெரியவில்லை. எனினும் வந்தபோது இருந்த சோர்வு நம்மிடம் இல்லை.

அன்புக் குடும்பங்களே, வெளியூர் வேலைக்குச் சென்ற மகனுக்காக, கணவனுக்காகக் கதவைப் பார்த்திருக்கும் ஒரு வீடாவது நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். குடில் கட்டத் தொடங்குமுன் அந்த வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அவர்களோடு சற்று நேரம் காத்திருங்கள். திருவருகைக் காலத்திற்கு அதைவிட நல்ல ஆயத்தம் வேறில்லை.