தொண்ணூற்று மூன்றும் நாற்பத்தொன்றும்

நங்கநல்லூரில் எங்கள் தாத்தா வாங்கிப்போட்ட மனையில் இரண்டு வீடுகள் இருந்தன, கிணறு ஒன்றுதான். நடுச்சுவர் கிணற்றின் மீதே எழுந்து நின்றது. அந்தப் பக்கம் பெரியவர் வீட்டு ராட்டினம், இந்தப் பக்கம் இளையவர் வீட்டு ராட்டினம். உடன்பிறந்த இருவரிடையே பேச்சு நின்றதற்குச் சொத்துத் தகராறு காரணமன்று. 1954இல் நடந்த ஒரு வாக்கெடுப்பே காரணம். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாங்கள் 93, 41 என்ற இரண்டு எண்களையும் வாய்ப்பாடு போலக் கேட்டு வளர்ந்தோம்.

குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைமைக்குக் காமராஜரும், ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி.சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராஜருக்கு 93 வாக்குகள்; சுப்பிரமணியத்துக்கு 41. பெரியவர் ராஜாஜி பக்தர், இளையவர் காமராஜர் தொண்டர். இருவரும் கதர் உடுத்தியவர்கள். உறுப்பினர்கள் மட்டுமே வாக்களித்த அந்தத் தேர்தலில் இருவருக்குமே வாக்கு இல்லை. எதிர்க்கட்சிக்காரரோடு வெற்றிலை மாற்றிக்கொள்ள முடிந்த அவர்களால், சொந்தக் கட்சியின் மறுகோஷ்டியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் தலைவர்கள் செய்தது வேறு. எட்டுப் பேர் கொண்ட தம் அமைச்சரவையில், தோற்ற சுப்பிரமணியத்தையும் அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் காமராஜர் சேர்த்துக்கொண்டார். ராஜாஜி ஆட்சியில் குலக்கல்வித் திட்டத்துக்காக வாதாடிய அதே சுப்பிரமணியம், காமராஜர் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்து, அது கைவிடப்பட்டதை 1954 மே மாதம் அறிவித்தார். பள்ளிகள் பெருகியதும் மதிய உணவு பரவியதும் அவர் அத்துறையில் இருந்த காலத்தில்தான். சண்டைக்குக் காரணமான துறையே தோற்றவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இந்தச் செய்தி எங்கள் கிணற்றுச் சுவரைத் தாண்டவேயில்லை.

1971 தேர்தலில் காமராஜரின் ஸ்தாபன காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் கூட்டணி அமைத்தன. எங்கள் பறங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர். அவருக்கு எதிராக, ஒரே சின்னத்துக்கு வாக்களிக்க, இருவரும் ஒரே சாவடிக்கு நடந்தார்கள். பத்தடி முன்னால் அண்ணன், பின்னால் தம்பி. பேசவில்லை. எம்.ஜி.ஆர். வென்றார். தோல்வியைக்கூட அவர்கள் தனித்தனியாகவே சுமந்து திரும்பினார்கள்.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். இளையவர் அன்று முழுதும் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் மறைந்தார். அன்றிரவு பெரியவர் முதன்முறையாக வாசல் வழியே தம்பி வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார். வெகுநேரம் கழித்து இளையவர் சொன்னார்: “உங்கள் ஆளை எங்கள் ஆள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார், அண்ணா. நாம்தான் எழுந்து போய்விட்டோம்.”

பின்னர் எத்தனையோ உட்கட்சிப் போர்களைப் பார்த்துவிட்டோம். எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. பிளந்தபோது, 1989 தேர்தலுக்கு இரட்டை இலை முடக்கப்பட்டு, எங்கள் தெருச் சுவர்களில் சேவலும் இரட்டைப் புறாவும் எதிரெதிரே நின்றன. 2022இல் அதே கட்சியின் தலைமைச் சண்டை நீதிமன்றங்களின் படியேறியது. அமெரிக்காவில் 2008இல் கட்சிக்குள் மாதக்கணக்கில் மோதித் தோற்ற ஹிலாரி கிளின்டனை, வென்ற ஒபாமா தம் வெளியுறவு அமைச்சராக்கிக்கொண்டதைப் படித்தபோது எங்களுக்கு 1954தான் நினைவுக்கு வந்தது. வாக்கெடுத்து எண்ணிவிட்டால், தோற்றவனுக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணோடு அவன் கட்சிக்குள் உட்காரலாம். எண்ணாத இடத்தில் அவனுக்கு மிஞ்சுவது வெளியேற்றமோ புதுக்கட்சியோதான்.

இப்போது அந்த மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. சுவரை இடித்தது நாங்கள்தாம். எங்கள் தந்தையர் உயிரோடிருந்த காலத்திலேயே அதைச் செய்யாமல் போனோம் என்பதுதான் எங்கள் வருத்தம்.