இறம்பொடையில் பிறந்த சீதை

கண்டி நகரத்து ஆட்டோக்களில் பாப் மார்லிக்குத் தனி இடம் உண்டு. சடைமுடியும் பாதி மூடிய கண்ணுமாக எத்தனையோ வண்டிகளின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார். ஜமைக்காவில் பிறந்து, 1981இல் 36 வயதில் புற்றுநோயால் இறந்த பாடகர் அவர். புத்தரின் பல்லைப் போற்றும் தலதா மாளிகை இருக்கும் ஊரில் அவருக்கு இத்தனை அடியார்கள் இருப்பதைக் கண்டு மலைத்துப்போனேன். குரல் ஒன்று கடல்களைத் தாண்டி வந்து, அது பிறந்த மொழியே தெரியாதவர்களின் வண்டியில் குடியேறிவிடுகிறதே என்று தோன்றியது.

நான் ஏறிய வண்டியிலும் மார்லி படம்தான். ஆனால் உள்ளே பாடிக்கொண்டிருந்தது ஒரு பெண். கரகரப்பான பழைய இசைத்தட்டுப் பதிவு. சிங்களச் சொற்கள் புரியவில்லை; பாடிய விதம் மட்டும் நம் பழைய தமிழ்ப் படங்களை அப்படியே நினைவூட்டியது. யார் பாடுவது என்று கேட்டேன்.

"ருக்மணிதேவிங்க ஐயா. எங்க அம்மா ரேடியோவுல இவங்க பாட்டு வந்தா அடுப்ப விட்டுட்டு வந்து நிப்பாங்க. இவங்களும் தமிழ்தான், தெரியுங்களா? இந்தா, நுவரெலியா போற வழியில, இறம்பொடையில பொறந்தவங்க."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்டி ஏரியையும் பேராதனைப் பூங்காவையும் பார்க்க வந்தவன், அன்றிரவே பயணத் திட்டத்தை மாற்றிக்கொண்டேன்.

கண்டியிலிருந்து இறம்பொடை சுமார் 50 கிலோமீட்டர். பேராதனை, கம்பளை, புசல்லாவை என்று சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கம்பளை தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. புசல்லாவையில் தேயிலை இரு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இந்தக் கண்டி மலைகளில்தான், லூல்கந்துர தோட்டத்தில், வணிகத்துக்காக முதன்முதலில் தேயிலை நட்டார். அதற்கும் முன்பே கோப்பித் தோட்டங்களுக்காக நம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து இங்கே வந்திருந்தார்கள். வழியில் விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பஸ் ஜன்னலில் தெரியும் பச்சையை வெறும் அழகு என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

பள்ளத்தாக்கில் கொத்மலை நீர்த்தேக்கம் பளபளத்தது. ஒரு வளைவு திரும்பியதும் இறம்பொடை அருவி. 109 மீட்டர் உயரத்திலிருந்து பாறையைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. சத்தம் முதலில் வந்து, பிறகுதான் வெள்ளை தெரிந்தது. இறங்கி நின்றவனின் சட்டையைச் சாரல் நனைத்தது. எதிர்ப்புற மேட்டில் சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயில். 18 அடி உயரக் கருங்கல் அனுமன். சீதையைத் தேடி வந்த அனுமன் இந்த மலையில் இறங்கினான் என்பது ஊர் நம்பிக்கை. ராமாயணச் சுற்றுலா என்ற பெயரில் நம் ஊர்க்காரர்கள் வேன் வேனாக வந்து வணங்கிவிட்டு, மேலே சீத்தா எலியவில் உள்ள சீதை கோயிலுக்குப் போகிறார்கள்.

அந்த வேன்களில் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இதே இறம்பொடையில் 1923 ஜனவரி 15 அன்று டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது. அவர்தான் பின்னாளைய ருக்மணிதேவி. கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காகப் போய்த் தங்கிவிட்டவர்களின் வழி. குடும்பம் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் மேடையில் பாடிய சிறுமியின் குரல் வெளியே பரவ, சிங்கள நாடகம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. நாடகத்தின் பெயர் 'ராமாயணய'. அவர் ஏற்ற வேடம், சீதை.

இலங்கையில் சீதையைத் தேடி வருகிறவர்கள் கடந்து போகும் ஊரிலேயே ஒரு சீதை பிறந்திருக்கிறார். அருவிக்கு எதிரில் நின்று இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அடுத்து நடந்தது அதைவிட ஆச்சரியம். 1930களின் இறுதியில் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிய முதல் இசைத்தட்டு, புத்தகயா விகாரையைப் போற்றும் பாட்டு. தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணின் குரலில் பௌத்தப் பக்திப் பாட்டு! நாடே அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. பெண்கள் மேடையேறுவதை ஏளனமாகப் பார்த்த காலம் அது. ருக்மணிதேவி என்ற பெயரில் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். ஜயமான்னவின் தம்பி, நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்னவை மணந்தார்.

1947 ஜனவரி 21 அன்று முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' கொழும்பில் வெளியானது. நாயகி ருக்மணிதேவி. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், இயக்கியவர் ஜோதிஷ் சிங், படப்பிடிப்பு தென்னிந்தியாவில். சிங்கள சினிமாவின் தொட்டிலை ஆட்டியதில் தமிழ்க் கைகள் எத்தனை என்று நம் திரைப்பட வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை. இது எனக்கு உண்மையான மனக்குறை.

அருவியருகே இருந்த கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றுகொண்டே கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைக் கடந்தவர். "கிட்டார் பாட்டு வந்தப்பக்கூட அவங்க மங்கலீங்க தம்பி. பெல்பாட்டம் போட்ட பையனுங்களோட மேடையில நின்னு பாடுவாங்களாம்" என்றார்.

அவர் சொன்ன கிட்டார் பாட்டின் தலைமகனும் மலைநாட்டில் பிறந்தவர்தான். அப்புத்தளையில் 1943இல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1960களின் நடுவில் அன்னெஸ்லி மாலேவனவுடன் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கி, மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். பீட்டில்ஸ் அலை உலகெங்கும் அடித்த நேரத்தில், அந்த மெட்டுகளை நகலெடுக்காமல் தன் ஊர்ச் சொல்லுக்குக் கிட்டாரைப் பழக்கியவர். 1996இல் 53 வயதில் போய்விட்டார். இன்றும் கண்டி வீதிகளில் கிட்டாரோடு கூடும் இளைஞர்கள் அவர் பாட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ராக் இசைக்கு இலங்கை தந்த பதில் எது என்று கேட்டால் நான் அவரைச் சொல்வேன்.

ருக்மணிதேவி கடைசி நாள்வரை மேடையில் இருந்தார். நூறுக்கு அருகில் படங்கள் நடித்து முடித்த வயதிலும் பாட்டுக் கச்சேரிகளுக்கு ஊர் ஊராகப் போனார். 1978 அக்டோபரில் தெற்கே மாத்தறையில் ஒரு இசை நிகழ்ச்சி. பாடிவிட்டு இரவோடு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில், 28ஆம் தேதி விடியலில் கார் விபத்தில் இறந்தார். வயது 55. வீடு அதிக தூரத்தில் இல்லை. அடுத்த ஆண்டு சரசவிய திரைப்பட விருது விழாவில் வாழ்நாள் சாதனை விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது; வாங்க அவர் இல்லை.

அவர் இறந்து ஐந்து வருடம் முடிவதற்குள் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது. கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. இந்தச் சாலையோரத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் ஒளிந்தவர்களின் கதைகளை இன்றும் கேட்கலாம். ஆனால் அத்தனைக்குப் பிறகும் சிங்கள வீடுகளில் அந்தத் தமிழ்ப் பெண்ணின் குரல் அணைக்கப்படவில்லை. அவரைத் தங்கள் குயில் என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஒரு பாடகியின் செல்வாக்குக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அறியேன்.

அவர் பெயர் சொல்லும் பலகை ஏதாவது உண்டா என்று இறம்பொடை கடைத்தெருவில் தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. நூறு வருடத்துக்கு முன்பு ஒரு குழந்தை பிறந்த வீட்டைக் காட்டச் சொல்லி யாரைக் கேட்பது? கடைக்காரர் மலையைக் காட்டி, "இங்கதான் எங்கயோ" என்றார்.

கண்டியிலிருந்து நுவரெலியா போகிற தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுமனை வணங்கியபின் பத்து நிமிடம் அந்த அருவி முன் நில்லுங்கள். ருக்மணிதேவியின் பாட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றையாவது அங்கேயே கேளுங்கள். வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பெயர்ப்பலகை வைக்க முயலுங்கள். அதற்குத் தேவையான எல்லா விவரமும் ஒரு பெயர், ஒரு ஊர், இரண்டு தேதிகள்தான்.