கசப்புக்கும் வயதுண்டு

ஆனி பிறந்தால் திருக்கழுக்குன்றம் பக்கம் வேப்பமரத்தடியெல்லாம் மஞ்சள் பழமாக உதிர்ந்து கிடக்கும். இருபது வருடமாக எனக்கு அதுதான் பூச்சிமருந்து சேர்க்கும் மாதம். பழத்தை அன்றன்றே பிசைந்து, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திக் கோணியில் கட்டிவைப்பேன். ஒரு வருடம் அவசரத்தில் பாலித்தீன் பையில் கட்டிவிட்டேன். பருப்பெல்லாம் பூசணம் பிடித்துக் கறுத்துப்போயிற்று. கறுத்த பருப்பை இடித்துப் பயனில்லை.

கொட்டைக்கு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டு, பத்து மாதம் தாண்டினால் வீரியம் போய்விடும். சம்பா, நவரை நெல் பட்டங்களுக்குக் கணக்குச் சரியாக வரும். சொர்ணவாரிக்குத்தான் இழுபறி, போன வருடக் கொட்டை கிழண்டிருக்கும், இந்த வருடப் பழம் இன்னும் மரத்திலிருக்கும்.

100 லிட்டர் மருந்துக்கு 5 கிலோ பருப்பு. ரவை பதத்துக்கு இடித்து, துணியில் மூட்டை கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுவேன். காலையில் பால் போல வரும்வரை பிழிவேன், திரும்பத் திரும்ப. மிச்சத் தண்ணீரையும் 200 கிராம் காதி சோப்பையும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் டேங்கை முதுகில் ஏற்றுவேன். அசாடிராக்டின் என்ற அந்தக் கசப்பு வெயிலில் சிதைந்துவிடும். மரம் அதைக் கெட்டி ஓட்டுக்குள் இருட்டில் பூட்டி வைத்திருக்கிறது. நாம்தான் வெளியே எடுத்து இலைமேல் பரப்புகிறோம்; நேரம் பார்த்துச் செய்வது நம் பொறுப்பு.

முதல்முறை அடித்த மறுநாள் விடியற்காலையில் கொல்லைக்கு ஓடினேன். கடலைச் செடியில் புழு உயிரோடு இருந்தது. மனம் விட்டுப்போயிற்று. பக்கத்துக் கொல்லைப் பெரியவர்தான் சொன்னார்: "புழுவ எண்ணாத தம்பி, ஓட்டைய எண்ணு." எண்ணினேன். இலையில் புது ஓட்டை அதிகம் விழவில்லை. நாலாம் நாள் புழுக்கள் சுருங்கிக் கிடந்தன. சில பாதி உரிந்த தோலோடு. புழு வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். அதற்கு உத்தரவு தரும் எக்டைசோன் என்ற சுரப்பை வேம்பு குலைத்துவிடுகிறது. தன்னைக் கடிப்பதை நிறுத்தினால் மரத்துக்குப் போதும். உடனே சாகடிக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் தின்றபோது வேம்பை மட்டும் விட்டுவைத்ததை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். இந்தக் கசப்பின் மேல் உலகத்தின் கண் திரும்பியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

எந்த இலையில் மருந்திருக்கிறது என்பதை ஆட்டைக் கேட்டால் தெரியும் என்பார்கள் எங்கள் ஊரில். ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடு ஒதுக்கியதைப் பூச்சியும் ஒதுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மாமல்லபுரம் போகும் வழியில், மணல்மேட்டு எருக்கைப் பாருங்கள். மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி அதையே தின்று வளர்கிறது. எருக்கின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு, பிடித்தால் பீய்ச்சியடிக்கிறது. அதே எருக்கில் ஒரு பட்டாம்பூச்சிப் புழு, முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு நிதானமாக இலையைத் தின்னும். மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரே நஞ்சைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூச்சி பழகிவிடுகிறது. 1995இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில் அசுவினிக்கு 40 தலைமுறை மருந்தடித்தார்கள். தனி அசாடிராக்டின் பட்ட கூட்டம் 9 மடங்கு தாங்கும் சக்தி பெற்றது. முழு வேப்பங்கொட்டைச் சாறு பட்ட கூட்டத்துக்கு அது வரவில்லை. பருப்பில் ஒரு கசப்பா இருக்கிறது? நிம்பின், சலானின் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதனால்தான் கடையில் வடித்தெடுத்த புட்டி கிடைத்தும் நான் உரலை விடவில்லை.

போன வாரம் அடித்த கடலையை இன்று காலை பார்த்தேன். ஒரு புழு பாதித் தோலோடு இலையில் ஒட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி ஒரு பொறிவண்டு அசுவினியைத் தேடிக் காம்பில் ஏறிக்கொண்டிருந்தது.