சும்மா இருக்குற படம்!

சும்மா இருக்குறது அவ்வளவு ஈஸி இல்ல பாஸ்! ஒருத்தர் சும்மா உட்காரணும்னா, இன்னும் நாலு பேர் வேலை பார்க்கணும். நம்பிக்கை இல்லையா? ரவிவர்மா ஓவியங்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

கூந்தலை அலங்கரிக்கும் நாயர் பெண். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கின படம். கண்ணாடி முன்னால ஒரு பெண் நிதானமா பூச்சரம் சூடிக்கிறாங்க. அவசரமே இல்ல. அந்த வீட்டுக்குத் தண்ணி கோரினது யாரு, நெல்லு குத்தினது யாரு? ஃப்ரேமுக்குள்ள ஒருத்தரும் கிடையாது!

எங்க மார்த்தாண்டமும் அப்போ திருவிதாங்கூர்தான். 1956-லதான் தமிழகத்தோட சேர்ந்தோம். பனையேறிகள் வீட்டுப் பெண்கள் தோள்சீலை போடுறதுக்கே இங்கே பல வருஷம் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859-ல் அரசு அனுமதி கொடுத்தப்பவும், 'உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது'ன்னு கண்டிஷன். அதுக்கும் பதக்கம் வாங்கின படத்துக்கும் நடுவுல வெறும் 14 வருஷம்தான்!

பிரான்ஸ்ல எதுவார் மானே, 1882-ல் ஒரு மதுக்கூடத்தை வரைஞ்சார். அதுலயும் கண்ணாடி இருக்கு. ஆனா, கும்மாளம் போடுற கூட்டம் அந்தக் கண்ணாடிக்குள்ள! நமக்கு நேரா நிக்கிறது கவுன்ட்டர்ல வேலை பார்க்குற பெண். அடுத்தவங்க சந்தோஷத்துக்கு நாள் பூரா நிக்கிற முகம் எப்படியிருக்கும்னு அந்தப் படம் சொல்லிடுது.

அதுக்காக, ரவிவர்மா ஏழைகளையே வரையலைன்னு சொல்லிட முடியாது. ஒரு நாடோடிக் குடும்பத்தை வரைஞ்சிருக்கார். ஆனா, அதுல தெரியுறது வறுமை, ஓய்வு இல்ல.

எங்க பாட்டி 30 வருஷம் அண்டி ஆபீஸ்ல கொட்டை உடைச்சவங்க. விரல்ல அந்தக் கறை இன்னும் போகலை. நாயர் பெண் படத்தை மொபைல்ல காட்டினேன்.

"இவளுக்கு வேல ஒண்ணும் இல்லியா மக்களே?"

செம பாயின்ட்! சரி, மானே பாணியில, வேலை பார்க்குற பாட்டியை ஒரு போட்டோ எடுக்கலாம்னு கேமராவைத் திருப்பினேன். "நில்லு மக்களே"ன்னு உள்ளே போனவங்க, கால்மணி நேரம் கழிச்சு வந்தாங்க. நல்ல சேலை, வாரின தலை, ரெண்டு பிச்சிப்பூ. நாற்காலியில சாய்ஞ்சு, கையை மடியில வெச்சுக்கிட்டு, "ம்... இப்ப எடு!"

ரவிவர்மா அந்தப் பெண்ணை நிம்மதியா உட்கார வெச்சதுல தப்பே இல்ல. அந்த நாற்காலி எல்லாருக்கும் கிடைக்கலைங்கறதுதான் விஷயம். எங்க வீட்டு ஆல்பம் முழுக்கத் தேடிட்டேன். பாட்டி சும்மா இருக்குற ஒரே படம், நான் எடுத்த அந்த போட்டோதான்.