பாக்கின் துவர்ப்பும் பரோலோவும்

நல்ல சிவப்பு வைனை ஒரு மிடறு குடித்ததும் நாக்கு வரண்டு, கன்னத்தின் உட்பக்கத்தை யாரோ மெல்ல இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். வைனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற ஆக்கள் இந்த உணர்ச்சியைச் சொல்லவந்து பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறார்கள். 'டனின்' என்பார்கள். அது தோல் பதனிடுகிற தொழிலில் இருந்து வந்த சொல். பிறகு பட்டு, வெல்வெட், மணல்தாள் என்று உவமை தேடுவார்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. துவர்ப்பு. அறுசுவையில் அதற்கென்று ஒரு கதிரையே போட்டு வைத்திருக்கிறோம்.

இத்தாலியின் பெரிய சிவப்பு வைன்களில் ஒன்றான பரோலோவின் முதல் குணம் இந்தத் துவர்ப்புத்தான். அதனால், வெற்றிலை போட்டுப் பழகிய ஒரு களுதாவளைக் கிழவிக்குப் பரோலோவை விளங்கப்படுத்த ஐந்து நிமிசம் போதும் என்பது எங்கள் கட்சி. லண்டனில் இருக்கிற ஆளுக்கு ஐந்து நாள் வேணும்.

'எங்கள்' என்றால் யார் என்று சொல்லிவிட வேண்டும். வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிற ரெண்டு பேர், ஏ.எல். முடித்துவிட்டுத் தோட்டம் செய்கிற ஒரு மச்சான். மூன்று பேருக்கும் இருபத்தொன்று தாண்டிவிட்டது, பயப்பட வேண்டாம். ஊர் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற றோட்டில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் கிடக்கிற மணல் துண்டு. பிள்ளையார் கோயிலுக்காக எங்கள் ஊரை அறிந்தவர்கள் பாதி என்றால் மற்றப் பாதி வெற்றிலைக்காக அறிந்தவர்கள். மணலில் தண்ணி நிற்காது. அதனால் கொடிக்கு ஓயாமல் தண்ணி ஊற்ற வேணும், காற்றுக்கு மறைப்புக் கட்ட வேணும், கைப்பிள்ளையைப் போலப் பார்க்க வேணும்.

பரோலோவை நாங்கள் சந்தித்தது சுவிசில் இருக்கிற மாமாவால். இருபது வருசத்துக்கு மேல் இத்தாலிய ரெஸ்டோரண்ட் குசினிகளில் நின்றவர் அவர். சுவிஸ் எல்லையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் தெற்கே போனால் பியெமோந்தே மாகாணம். அதற்குள்தான் லங்கே என்ற மலைப்பகுதி, அதற்குள் பரோலோ என்ற சின்னக் கிராமம். அந்தக் கிராமத்தையும் சேர்த்துப் பதினொரு ஊர்களின் நிலத்தில், நெபியோலோ என்ற ஒரே சாதித் திராட்சையில் செய்தால் மட்டும்தான் போத்தலில் அந்தப் பெயரைப் போடலாம். கடந்த முறை லீவில் வந்தபோது ஒரு போத்தலை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். விலையைக் கடைசிவரை சொல்லவில்லை.

"உடன குடிக்கப்படாது மருமகன். குளிர்ப்பெட்டிக்குள்ள அரை மணித்தியாலம் வெச்சிட்டு, பிறகு திறந்து ஆற விடணும்" என்றார். எங்கட வெக்கைக்குள் அப்படியே ஊற்றினால் வெறும் சாராய நெடிதான் முன்னுக்கு நிற்குமாம். பதினேழு, பதினெட்டுப் பாகை சூட்டில்தான் அது வாய் திறந்து பேசும்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நிறம் தெரியாது என்று தேத்தண்ணிக் கிளாஸ் எடுத்து வந்தோம். முதல் ஏமாற்றம் நிறம். இவ்வளவு பேர்பெற்ற வைன் கறுப்புச் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். இதுவோ கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரிகிற அளவுக்கு வெளிறல். விளிம்பில் செங்கல் நிறம். நெபியோலோவின் சுபாவமே அதுவாம். நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் அதிகம். பார்க்கச் சாது, வாய்க்குள் போனால் சண்டியன்.

மணம்தான் எங்களை உட்கார வைத்தது. பரோலோவைப் பற்றி எல்லோரும் எழுதுவது தாரும் ரோசாப்பூவும் என்று. படிக்கும்போது சிரிப்பு வந்தது, றோட்டுப் போடுகிற தாரை யார் குடிப்பான்? மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் உண்மையிலேயே வாடின ரோசா மாலை. கோயில் முடிந்து அடுத்த நாள் காலையில் வாசலில் கிடக்குமே, அந்த மணம். அதுக்குப் பின்னால் வெய்யில் பட்ட தார். மாமாவிடம் இருந்து கிளாஸை வாங்கி மணந்து பார்த்த அம்மம்மா, "என்ன மனே, பாக்கு ஊறின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றா. குடிக்கவில்லை. ஆனால் மூன்று பேருமாகக் கூடி நாங்கள் சொன்ன எதையும் விட அது சரியாக இருந்தது.

ஏன் என்று பிறகு தேடிப் படித்தோம். பாக்கிலும் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது ஒரே குடும்பத்துச் சரக்கு. அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரள வைக்கிறது. எச்சிலின் வழுவழுப்புப் போய்விட, நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசத் தொடங்குகிறது. பழைய முறையில் பரோலோ செய்கிறவர்கள் சாற்றைத் தோலோடும் விதையோடும் வாரக்கணக்கில் ஊற விடுவார்கள். அம்மம்மா சொன்ன 'ஊறின தண்ணி'தான். அப்படி வருகிற முரட்டுத் துவர்ப்பு தணிய வேணும் என்பதற்காகவே, அறுவடை முடிந்து குறைந்தது 38 மாதம் வைத்த பிறகுதான் விற்கலாம் என்று சட்டம். அதில் 18 மாதம் மரப்பீப்பாவுக்குள். இதைச் சொன்னபோது அம்மம்மாவுக்கு நம்ப ஏலவில்லை. "மூண்டு வருசமா? கள்ளெண்டா காலையில எறக்கினது பின்னேரம் புளிச்சிப்போகும்."

சாப்பாட்டு விசயத்தில் மட்டும் பரோலோ எங்கட வீட்டுக்குத் தோதுப்படவில்லை. கொழுப்புள்ள இறைச்சியோடு அது பணிந்து போகும், இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ளும். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மிளகாய் உறைப்பும் வைனின் காரமும் ஒன்றையொன்று ஏத்திவிட்டு, கடைசியில் வாய்க்குள் இரும்பு ஆணியைச் சப்பின ருசி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

எங்களை அதிகம் பிடித்துக்கொண்டது அந்த ஊரின் கதை. பரோலோவை 'அரசர்களின் வைன்' என்று விற்பனைக்காரர் சொல்வார்கள். ஆனால் போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் லங்கே பட்டினி கிடந்த இடம். அல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே பெனோலியோ 1954இல் வெளியிட்ட 'லா மலோரா' என்ற குறுநாவல், அந்த மலைகளில் கூலிக்கு விடப்பட்ட ஒரு பையனின் கதை. நுத்தோ ரெவெல்லி என்பவர் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பகுதிக் கிழவன் கிழவிகளின் வாய்மொழியைப் பதிந்து 1977இல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'தோற்றவர்களின் உலகம்'. இளம் ஆக்கள் டூரினில் இருந்த பியற் கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டக்காரனைக் கட்ட உள்ளூர்ப் பெண்கள் சம்மதிக்காததால், நாட்டின் அடுத்த நுனியில், தெற்கே கலாப்ரியாவில் இருந்து தரகர் வைத்துப் பெண் எடுத்தார்கள். அப்படி வந்த பெண்களின் கதைகளையும் ரெவெல்லி இன்னொரு புத்தகத்தில் பதிந்திருக்கிறார்.

இதை வாசித்துச் சொன்னபோது மச்சான் ஒன்றும் பேசவில்லை. அவருக்குப் பேசின ரெண்டு இடமும் 'பொடியன் தோட்டம்தானே செய்யிறான்' என்று தட்டிப்போனது ஊருக்கே தெரியும்.

அங்கே எல்லாம் நல்லபடி மாறியது என்றும் இல்லை. 1986இல் இத்தாலியில் மலிவு வைனில் மெதனோல் கலந்து விற்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கலந்தவர்களில் பியெமோந்தேக்காரரும் இருந்தார்கள். கசிப்பு என்ற சொல் தெரிந்த எங்களுக்கு இதில் விளங்காத ஒன்றும் இல்லை. அதே பத்தாண்டில் எலியோ அல்தாரே என்ற இளம் விவசாயி, தகப்பனின் பழைய பீப்பாக்களைச் செயின்சோவால் அறுத்துப் போட்டுவிட்டுப் பிரான்சு முறையில் சின்னப் புதுப் பீப்பா வைத்தார். தகப்பன் அவருக்குச் சொத்தில் பங்கு இல்லாமல் செய்துவிட்டார். மறுபக்கம் பர்தோலோ மஸ்கரெல்லோ போன்ற கிழவர்கள் பெரிய பழைய பீப்பாவை விடமாட்டோம் என்று நின்றார்கள். ருசிக்காகத் தகப்பனும் மகனும் கோபித்துக்கொண்ட ஊர்! எங்களுக்குக் கிழவர்களின் பக்கம்தான் சாய்வு, மச்சானுக்குச் செயின்சோவின் பக்கம்.

ஆனால் ரெண்டு பக்கமும் ஒரு விசயத்தில் ஒன்று. இந்தத் துண்டு நிலத்தின் ருசி அடுத்த துண்டில் வராது என்பதை எல்லோரும் நம்பினார்கள், எழுதியும் வைத்தார்கள். லா மொர்ரா பக்கத்துக் களிமண்ணில் வருவது மெதுமையானது, சில கிலோமீற்றர் தள்ளி செர்ரலுங்காவில் வருவது முரடு. 2010இல் இருந்து 181 இடப்பெயர்கள் சட்டப்படி வரையறுக்கப்பட்டிருக்கின்றன. எங்கட ஊரிலும் வெற்றிலை வாங்கப் போனால் 'கடல்பக்கத் தோட்டமா, ஆத்தங்கரைப் பக்கமா' என்று கேட்கிற கிழவர்கள் இருக்கிறார்கள். இலையைக் கிள்ளி முகர்ந்து காரம் எவ்வளவு, முத்தலா, கொழுந்தா என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சு எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. கட்டாகக் கட்டி லொறியில் ஏற்றினதும் அது வெறும் வெற்றிலை.

தமிழ்நாட்டில் ஆத்தூர், சோழவந்தான், கும்பகோணம் வெற்றிலைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. அப்படியானால் களுதாவளை வெற்றிலைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஏன் கூடாது என்று மச்சான் கேட்டார். கொப்பித் தாளில் வரைந்தும் காட்டினார். ஊர்ப் பெயர், தோட்டம் எந்தப் பக்கம், கொய்த நாள்.

அங்கேதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. அம்மம்மாவின் அக்காவை வாய்ப்புற்றுநோய்தான் கொண்டுபோனது. கடைசி மாதங்களில் வாய் திறக்க ஏலாமல் கஞ்சியைக் குழாயால் கொடுத்தோம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல், புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று முதலாம் வகுப்பில் போட்டது. மதுபானத்தை 1988இலேயே அந்த வகுப்பில் போட்டாயிற்று. ஆக, குற்றவாளி இலை அல்ல, பாக்கு. நாங்கள் இவ்வளவு நேரம் கொண்டாடின துவர்ப்பு வருவதும் அந்தப் பாக்கில் இருந்துதான்.

"அப்ப சீட்டில அதையும் எழுதுவம்" என்றது கலைப்பீடத்து ரெண்டு பேரும். "இலைய விக்கிறவன் ஏன் பாக்குக்குப் பழி சுமக்கணும்? பரோலோப் போத்தல்ல பெருசாவா எழுதிக் கிடக்கு?" என்று மச்சான். போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்தில், கர்ப்பிணி குடிக்கக்கூடாது என்ற சின்னப் படம் ஒன்று, சுண்டுவிரல் நகத்தின் பாதி அளவில். சீட்டு இன்னும் கொப்பித் தாளில்தான் கிடக்கிறது, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டபடி.