குறைத்துக் கொடுத்தால் குளிரும்

அடுப்பில் எரியும் விறகின் வெப்பம் உலைக்குப் பயன்படுகிறது. கணினியினுள் எழும் வெப்பமோ எவருக்கும் பயன்படுவதில்லை. உட்சென்ற மின்னாற்றல், கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுச் சூடாகவே வெளியேறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றவும் ஒரு விசிறி. அந்த விசிறிக்கும் மின்சாரம்! வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஆற்றலைச் செலவிடாமல் இருந்தால் என்ன என்னும் கேள்வி எழுவது இயல்பேயன்றோ?

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியை எழுப்பியவள் என் தங்கை மகள். வரலாற்றில் ஆய்வுப் பட்டத்திற்குப் படித்தவள். எடுத்துக்கொண்ட பொருள் நடுகற்கள். செய்யாற்றங்கரையில் அமைந்த எங்கள் செங்கத்துக்கு நடுகற்களால் ஒரு தனிப் பெருமை உண்டு. இவ்வட்டாரத்துக் கற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலையே வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துகளைத் தாங்கி நிற்பவை அவற்றுள் பல. மழையும் வெயிலும் தேய்த்துவிட்ட எழுத்துகளை வெறுங்கண்ணால் படிப்பது அரிது. ஆகவே, ஒரு கல்லை நாற்புறமும் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து, கல்லின் மேடுபள்ளங்களை உருவாக்கிப் பார்ப்பாள். ஒரு கல்லுக்கு ஐந்து மணி நேரம் மடிக்கணினி ஓயாமல் உழைக்க வேண்டும்.

வைகாசி வெயிலில் அது உழைக்க மறுத்தது. நுண்செயலியின் வெப்பம் 97 பாகை செல்சியசைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஐந்து மணி நேர வேலை ஒன்பது மணி நேரமாயிற்று.

“மாமா, கல்லு ஆயிரம் வருஷத்துக்கு மேல வெயில்ல நிக்குது, இது அஞ்சு மணி நேரம் நிக்க மாட்டேங்குதே!” என்றாள்.

பழுது பார்ப்பவர் தூசியைத் துடைத்து, வெப்பப் பசையையும் மாற்றிக் கொடுத்தார். சற்றே குறைந்தது, போதவில்லை. புதியது வாங்குங்கள் என்பது அவருடைய முடிவு. அவளுடைய அத்தாவின் சிறு கடைக்கு அது தாங்கக்கூடிய செலவன்று. ஆய்வேட்டை ஆவணிக்குள் அளித்தாக வேண்டும். அந்நிலையில்தான் நுண்செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழியை அவள் தேடிக் கண்டாள். ‘அண்டர்வோல்ட்டிங்’ என்பது அதன் பெயர்.

இதன் அடிப்படை எளியது. நுண்செயலியின் கோடிக்கணக்கான நுண் விசைகள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. அதற்குச் செலவாகும் ஆற்றல், துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமையும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் செலவும் பத்தில் ஒரு பங்கே குறையும். வேகத்தை அப்படியே வைத்து அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ, செலவு 19 விழுக்காடு குறையும்.

உலக வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. நம் நாட்டில் பிறந்த வினோத் தாம் முன்னின்று உருவாக்கிய பென்டியம் நுண்செயலி 1993இல் வெளிவந்தபோது 5 வோல்ட்டில் இயங்கியது, கடுமையாகச் சூடேறியது. அடுத்த ஆண்டு வந்த வகை 3.3 வோல்ட்டில் இயங்கியது. வேகம் கூடியும் வெப்பம் குறைந்தது. விசைகள் சிறுக்கச் சிறுக்க அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம் என்னும் நெறியை ராபர்ட் டென்னார்டும் அவர்தம் துணைவரும் 1974இலேயே வகுத்திருந்தனர். மிகச் சிறுத்த விசைகளில் மின்சாரம் கசியத் தொடங்கியதால், 2005ஆம் ஆண்டை ஒட்டி அந்த நெறி தளர்ந்தது; அழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டது.

அப்படியாயின், ஆலையே குறைத்துக் கொடுக்கலாகாதா? விருந்துக்கு நூறு பேர் என்றால் நூற்றிருபது பேருக்கு உலை வைப்பது நம் வழக்கம். ஆலையும் அவ்வாறே செய்கிறது. ஒரே அச்சில் பிறந்த செயலிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றுள் நலிந்ததும் பிழையின்றி இயங்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சற்றுக் கூடுதலாகவே அழுத்தம் ஒதுக்கப்படுகிறது. நம் கையில் இருப்பது நலிந்ததன்று எனில், அந்தக் கூடுதல் வீண்தானே?

‘திராட்டில்ஸ்டாப்’ என்னும் இலவச மென்பொருளால் அவள் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்தாள். ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் கடும் வேலை கொடுத்துச் சோதித்தாள். 110இல் திரை உறைந்தது. மீண்டும் தொடங்கியதும் வழக்கம்போல் இயங்கிற்று. 80இல் நிறுத்திக்கொண்டாள். 1.1 வோல்ட் 1.02 ஆயிற்று, கணக்குப்படி செலவில் 14 விழுக்காடு மிச்சம். வெப்பம் 86 பாகையில் நின்றது. வேலையும் ஐந்து மணி நேரத்துக்குத் திரும்பிற்று.

இதைப் படிக்கும் இளையோருக்கு இரண்டு சொல். அழுத்தத்தைக் குறைப்பதால் செயலி கெடுவதில்லை. ஆனால், அளவு மீறினால் கணினி திடீரென நின்று, சேமிக்காத எழுத்து போய்விடும். கணக்கில் அரவமின்றிப் பிழை புகுதலும் கூடும். ஆகவே, சோதனைக்கு முன் யாவற்றையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். மற்றொன்று: 2019 டிசம்பரில், அழுத்தத்தை வேண்டுமென்றே குலைத்து இரகசியங்களைத் திருடும் ‘பிளண்டர்வோல்ட்’ என்னும் வழியை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதன்பின் பல மடிக்கணினிகளில் இந்த வசதி பூட்டப்பட்டது. அத்தகைய கணினி உடையோர், விண்டோசின் மின் அமைப்பில் செயலியின் உச்ச அளவை 99 விழுக்காடாக வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான கணினிகளில் அவசர வேகம் அடங்கும், சூடும் தணியும். வேகத்தில் சிறிது இழப்பு இருக்கும்.

அவள் பதினான்கு கற்களையும் முடித்து, ஆவணி பிறக்குமுன் ஏட்டை அளித்தாள். புதுக் கணினிக்காகக் கடன் கேட்கவிருந்த அவளுடைய அத்தா, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். பழைய பெட்டி இன்றும் அவள் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறி ஓசை கூடத்தில் எங்களுக்குக் கேட்பதில்லை.